உண்ணிக் காய்ச்சலுக்குத் தைலம் காப்பாகுமா?

வடகிழக்குப் பருவமழையை ஒட்டியும் அடுத்து வரும் குளிர் மாதங்களிலும் தமிழகத்தில் உண்ணிக் காய்ச்சல் மிகுதியாகக் காணப்படுகிறது. வேப்பெண்ணெயோ நீலகிரித் தைலமோ தடவினால் போதாதா என்று நோயாளிகளின் உறவினர்கள் எங்களிடம் கேட்பதுண்டு. அதற்கான விடையை இங்கே தருகிறோம்.

நோய் பரவும் விதம்

மாட்டிலும் நாயிலும் குருதி உறிஞ்சிப் பருக்கும் உண்ணி வேறு நோய்களைப் பரப்பலாம், இக்காய்ச்சலைப் பரப்புவதில்லை. புதர்களில் வாழும், கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிற்றுண்ணியின் இளம்புழு கடிக்கும்போது 'ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி' என்னும் பாக்டீரியா உடலுள் நுழைகிறது. ஆகவே, வளர்ப்பு விலங்குகளுக்கு எண்ணெய் பூசுவதால் மட்டும் இந்நோயைத் தடுக்க இயலாது.

தைலங்களின் பயனும் எல்லையும்

சிட்ரோனெல்லா, யூகலிப்டஸ் முதலிய மணத்தைலங்கள் ஆய்வுக்கூடச் சோதனைகளில் உண்ணிகளை விரட்டுகின்றன. ஆயினும் அவை விரைவில் ஆவியாவதால், தோலில் தடவிய காப்பு நெடுநேரம் நிலைப்பதில்லை. உய்யக்கொண்டான் வாய்க்காலோரப் புதர்களிலோ வயலிலோ பணிபுரிவோர் முழுக்கை ஆடை அணிதலும், 'டீட்' கலந்த பூச்சிவிரட்டி பூசுதலும், வீடு திரும்பியதும் சோப்பிட்டுக் குளித்து உடை மாற்றுதலும் நலம்.

நீலகிரித் தைலத்தைக் குழந்தைகள் விழுங்கினால், ஒரு தேக்கரண்டி அளவே வலிப்பை உண்டாக்கக்கூடும். கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். டீ ட்ரீ ஆயில் பூனைக்கும் நாய்க்கும் நச்சாகும். தோலில் ஒட்டிய மாட்டுண்ணியின் மீது எண்ணெயோ மண்ணெண்ணெயோ ஊற்றாமல், இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து அகற்றுங்கள்.

அறிகுறியும் சிகிச்சையும்

கடிபட்ட 6 முதல் 21 நாட்களுக்குள் கடுங்காய்ச்சல், தலைவலி, உடல்வலி தோன்றும். கடித்த இடத்தில் சிகரெட் சுட்டாற்போன்ற கரும்பொருக்கு உண்டாகலாம். அது பெரும்பாலும் வலிப்பதில்லை. அக்குள், தொடையிடுக்கு, மார்பகத்தின் கீழ்ப்பகுதி ஆகிய மறைவிடங்களில் இருப்பதால் நோயாளியே அறிவதில்லை. கூச்சத்தால் அதனை மறைக்க வேண்டா. பொருக்கு இல்லாமையால் நோய் இல்லை என்றும் கருத வேண்டா.

தொடக்கத்திலேயே டாக்சிசைக்ளின் அளித்தால் பெரும்பாலோர்க்கு இரண்டு நாட்களில் காய்ச்சல் தணியும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை பாதிக்கப்படலாம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்களின் தலைமையில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, கடும் நோய்க்கு டாக்சிசைக்ளினுடன் அசித்ரோமைசினையும் சேர்த்து அளிப்பது கூடுதல் பயன் தருவதாகக் காட்டியது.

தைலம் துணையாகலாம், சிகிச்சையாகாது. காய்ச்சல் மூன்று நாட்களைக் கடந்தால் மருத்துவரை அணுகி, புதர்களிலோ வயல்களிலோ நடமாடியதையும் கூறுங்கள். மூச்சுத்திணறலோ மனக்குழப்பமோ தோன்றினால், ஒருநாளும் காத்திராமல் உடனே வாருங்கள்.