சிங்கமும் புலியும் காக்கும் நிலையம்

மாதுங்கா, தாராவி, செம்பூர் ஆகிய பகுதிகளினின்றும் கல்லூரிக்குச் செல்லும் நம்முள் பலர், சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையத்தில்தான் நாள்தோறும் இறங்குகிறோம். விரையும் கூட்டத்திடையே சற்று நின்று மேலே நோக்குவோர் எத்தனை பேர்? நோக்குவோர்க்கு அக்கட்டடம் நல்லதொரு பாடநூலாகும்.

1853 ஏப்ரல் 16 அன்று இந்தியாவின் முதல் பயணிகள் புகைவண்டி, போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு 34 கிலோமீட்டர் ஓடிற்று. அவ்விடத்திற்கு அருகே, கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வேயின் நிலையமாகவும் தலைமை அலுவலகமாகவும் இக்கட்டடம் 1878இல் தொடங்கப்பெற்றது. அமைப்பை வரைந்தவர் எஃப். டபிள்யூ. ஸ்டீவன்ஸ் என்னும் ஆங்கிலப் பொறியாளர். வேலை முடியப் பத்தாண்டுகள் ஆயின. 1887, விக்டோரியா அரசியின் ஆட்சிப் பொன்விழா ஆண்டு. ஆதலின் நிலையத்திற்கு அவர் பெயரையே சூட்டினர்.

இதன் பாணி காதிக் எனப்படும். கூர்நுனி வளைவுகளே அதன் உயிர்நாடி. அரைவட்ட வளைவு தன்மீதுள்ள பாரத்தைப் பக்கங்களில் மிகுதியாகத் தள்ளும். கூர்வளைவோ அதனைப் பெரிதும் கீழ்நோக்கி இறக்கும். எனவே உயர்ந்த சுவர்களும் அகன்ற சாளரங்களும் எளிதில் அமைகின்றன. நடுவே எழும் எண்கோணக் குவிமாடம் தனிச்சிறப்புடையது. குவிமாடம் கட்டுங்கால் அடியில் மரச்சட்டம் தாங்கி நிற்பதே வழக்கம். இங்கே கல்லோடு கல் பூட்டிக்கொள்ளுமாறு வரிகளைச் செதுக்கி, அச்சட்டமின்றியே எழுப்பினர். உச்சியில், ஒரு கையில் தீப்பந்தமும் மறு கையில் சக்கரமும் ஏந்திய 'முன்னேற்றம்' என்னும் பெண்ணுருவம் நிற்கிறது.

இஃது இங்கிலாந்திலிருந்து பெயர்த்து வைத்த கட்டடமா? அன்று. வெயிலையும் மழையையும் தடுக்கும் நீண்ட தாழ்வாரங்களும், இந்திய அரண்மனைகளை ஒத்த தரையமைப்பும் இம்மண்ணுக்குரியவை. மயிலும் குரங்கும் கொடியும் இலையுமாகச் சுவரெங்கும் பரவிய சிற்பங்களில் பம்பாய்க் கலைப்பள்ளி மாணவர்களின் கைத்திறன் கலந்துள்ளது. அவர்களும் நம்மைப் போன்ற மாணவர்களே! ரயில்வே இயக்குநர்களின் முகங்களைக் கல்லில் காணலாம். உளி பிடித்தோரையோ அவர்தம் வேலைப்பாட்டில்தான் காண வேண்டும்.

வாயில் தூண்கள் இரண்டில், ஒன்றன்மேல் சிங்கம், மற்றொன்றன்மேல் புலி. சிங்கம் பிரிட்டனையும் புலி இந்தியாவையும் குறிப்பன. கல்லில் இரண்டிற்கும் ஒரே உயரம் தந்தவர்கள், ஆட்சியில் அதனைத் தரவில்லை. ஆண்டவர் சென்றனர். 1996இல் நிலையம் சிவாஜியின் பெயரைப் பெற்றது. 2017இல் 'மகாராஜ்' என்பதும் சேர்ந்தது. இடையே 2004இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. அரசியின் புகழுக்கென எழுந்த கட்டடத்தை உழைத்தவர் திறமைக்காகப் போற்றுவதில் முரண்பாடு ஏதும் இல்லை.

நண்பர்களே, அடுத்த முறை ஒரு வண்டி போனால் போகட்டும். எதிர்ப்புறத் தெருவில் நின்று முதலில் குவிமாடத்தையும், அடுத்து வளைவுகளையும், இறுதியில் அவற்றின் அடியிலுள்ள சின்னஞ்சிறு இலைகளையும் பாருங்கள்.