செல் சொல்லும் சேதி

கசக்கிப் பிரித்த மெல்லிய காகிதத்தை நாம் கண்டிருக்கிறோம். கோஷே நோயுற்ற குழந்தையின் எலும்பு மஜ்ஜையை நுண்ணோக்கியில் பார்த்தால், சில செல்கள் அவ்வாறே சுருக்கங்களுடன் வீங்கித் தெரியும். 1882-இல் பிரெஞ்சு மருத்துவர் பிலிப் கோஷே இந்நோயை விவரித்தார். கொழுப்பொன்றைச் சிதைக்கும் நொதி குறைவதால், அது செல்லிலேயே தேங்குகிறது. மண்ணீரல் பருத்து வயிறு உப்புகிறது. இரத்தத்தில் அந்நொதியை அளந்து நோயை உறுதிசெய்வர்.

நலமாயுள்ள பெற்றோர் இருவரும் பழுதுற்ற ஜீனைத் தாங்கியிருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய்வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. எருமப்பட்டிப் பக்கம் தாய்மாமனை, அத்தை மகனை மணப்பது நாமறிந்ததே. நெருங்கிய உறவில் ஒரே பழுது இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு அதிகம். ஆயினும் இது தாயின் குற்றமன்று, சாபமுமன்று. குறையும் நொதியை மருந்தாக ஏற்றும் சிகிச்சை இன்று உண்டு. எனவே, தோழியரே, உப்பிய வயிற்றைக் கண்டால் மந்திரிக்க அன்று, மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம்.