நீரில் கரைந்த நஞ்சும் துருப்பிடித்த இரும்பும்

ஈப்போவிலிருந்து கம்பார் வரை பேருந்தில் சென்றவர்கள் சாலையோரம் பச்சை நிறத்தில் அமைதியாகக் கிடக்கும் குட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். அவை இயற்கை ஏரிகள் அல்ல. கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் தோண்டிய குழிகள். 1985 அக்டோபரில் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்தபின் லம்பங்கள் பல மூடப்பட்டன. குழிகளில் நீர் நின்றது. (நாம் பேச்சில் ஈயம் என்பது வேதியியலில் வெள்ளீயம். இதைக் குழப்பிக்கொண்டு தமிழ்ப்பள்ளியில் நான் மதிப்பெண் இழந்ததுண்டு.)

வெள்ளீயத் தாதுவோடு ஆர்சனோபைரைட் என்ற கனிமமும் பல இடங்களில் சேர்ந்தே இருக்கும். தோண்டி வெளியே போட்டால் காற்றும் நீரும் பட்டு அதிலுள்ள ஆர்சனிக் மெல்லக் கரையும். கண்டிப்பாகப் பார்த்தால் ஆர்சனிக் உலோகமன்று, உலோகப்போலி. ஆனால் நச்சு உலோகங்களின் பட்டியலில்தான் அதை வைப்பார்கள்.

நம் தோட்ட மக்களுக்கு அது இன்னொரு வழியிலும் வந்தது. இரண்டாம் உலகப் போருக்கு முன்னும் பின்னும் மலாயா ரப்பர் தோட்டங்களில் லாலாங் புல்லை அழிக்கச் சோடியம் ஆர்சனைட் தெளித்தார்கள். 1960-களில் பாராகுவாட் வந்தபின் அது குறைந்தது. அந்தப் பாராகுவாட்டும் 2020-இல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் வளர்ந்த என் பாட்டி சொல்வார்: "மருந்து அடிச்ச எடத்துல மாட்ட மேய விடாதேன்னு எங்கப்பா சொல்லுவாரு. மனுசங்களுக்கு யாரும் ஒன்னும் சொல்லல."

ஆர்சனிக்குக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. கொதிக்க வைத்தால் போகாது. நீர் ஆவியாவதால் செறிவுதான் கூடும். உலகச் சுகாதார நிறுவனம் 1993-இல் வகுத்த அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். அதாவது, ஒரு கிராம் ஆர்சனிக் 100,000 லிட்டர் நீரை அந்த எல்லைக்குக் கொண்டுவந்துவிடும். இவ்வளவு குறைந்த அளவைத் தேடிப் பிடிப்பது எப்படி?

இங்கேதான் பரப்புக் கவர்ச்சி உதவுகிறது. பஞ்சு நீரை உள்ளே இழுத்துக்கொள்வது உறிஞ்சல். ஒரு பொருளின் மேற்பரப்பில் மட்டும் துகள்கள் ஒட்டிக்கொள்வது பரப்புக் கவர்ச்சி. மலாயில் முன்னது 'செராப்', பின்னது 'ஜெராப்'. இந்த ஓரெழுத்தில் இடைநிலைப்பள்ளியில் தடுமாறாதவர் யார்? ஒட்டுவதற்கு இடம் வேண்டும் என்பதால் நுண்துளைகள் நிறைந்த பொருள்களைத் தேடுகிறார்கள். ஒரு கிராம் நல்ல கிளர்வூட்டிய கரியின் பரப்பு ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர். 2025-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற உலோக-கரிமச் சட்டகங்களில் பரப்பு இதைவிடப் பல மடங்குகூட இருக்கும்.

ஆனால் பரப்பு மட்டும் போதாது. வீட்டு வடிகட்டியிலுள்ள கரி குளோரின் வாடையைப் போக்கும். ஆர்சனிக்கை அவ்வளவாகப் பிடிக்காது. ஆர்சனிக்குக்குப் பிடித்த துணை இரும்பு. துருவின் மேற்பரப்பில் அது இறுக ஒட்டும். நேப்பாளத்தின் கஞ்சன் வடிகட்டியில் சாதாரண இரும்பு ஆணிகளைத்தான் போடுகிறார்கள்! ஒரு சிக்கல் உண்டு. ஆர்சனேட் எதிர்மின்னூட்டம் உடையது, எளிதில் சிக்கும். ஆர்சனைட் சாதாரண நீரில் மின்னூட்டமின்றித் திரிவதால் நழுவும். ஆகவே அதனை முதலில் ஆக்சிஜனேற்றம் செய்து ஆர்சனேட்டாக மாற்றுவது வழக்கம்.

சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் பிரதீப் குழுவினரின் 'அம்ரித்' இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது. இறால் ஓட்டிலிருந்து கிடைக்கும் கைட்டோசானுக்குள் மிக நுண்ணிய இரும்பு ஆக்சிஹைட்ராக்சைடை அடைத்து, இரு வடிவ ஆர்சனிக்கையும் பிடிக்கும்படி செய்திருக்கிறார்கள். 2017-இல் ஆய்வு வெளிவந்தது. அதிக வெப்பமின்றி, நீரிலேயே தயாரிக்கலாம் என்பதால் விலை குறைவு. கோல குராவில் இறால் ஓட்டுக்கா பஞ்சம்?

இதையெல்லாம் பாட்டியிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிய்யா, அந்த விசத்தப் புடிச்ச துருவ எங்க கொட்டுவீங்க?" என்றார். என் விரிவுரையாளரும் அதே கேள்வியைத்தான் கேட்டிருந்தார். காற்றுப் படாத சேற்றில் புதைத்தால், அங்குள்ள நுண்ணுயிர்கள் இரும்பைக் கரைக்கும். ஒட்டியிருந்த ஆர்சனிக் மீண்டும் நீரில் இறங்கும். வங்காளதேசத்தில் கிருமியில்லா நீருக்காகத் தோண்டிய ஆழ்குழாய்க் கிணறுகளில் ஆர்சனிக் வந்ததும் பெரும்பாலும் இவ்வழியில்தான்.