தடைக்காலத்து வீடும் முதுமொழியும்

சென்னை, காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15ஆம் நாள் விசைப்படகுகள் கரையில் நின்றுவிடுகின்றன. மீன்களின் இனப்பெருக்கக் காலத்தைக் காக்கும்பொருட்டுக் கிழக்குக் கடற்கரையில் ஜூன் 14 வரை அவை கடலுக்குச் செல்லத் தடை உள்ளது. தமிழ்நாட்டில் 2001ஆம் ஆண்டு 45 நாள்களாகத் தொடங்கிய இத்தடைக்காலம், 2017 முதல் 61 நாள்களாக நீட்டிக்கப்பட்டது.

பள்ளிகளின் கோடை விடுமுறையும் பெரும்பாலும் இந்நாள்களிலேயே வருகிறது. வருவாய் நின்ற வீட்டில் வெளியூர்ப் பயணம் ஏது? கடலுக்கும் பள்ளிக்கும் மீன் விற்பனைக்குமாகப் பிரிந்திருந்த குடும்பம், இராயபுரம், திருவொற்றியூர்க் கரையோரத் தெருக்களில் பகல் முழுவதும் ஒன்றாக இருக்கிறது. தந்தை வாசலில் வலையைச் சீர்செய்ய, பாட்டி அருகில் அமர்ந்து பேச, பிள்ளைகள் கேட்டிருப்பர். பழமொழி ஒரு தலைமுறையிலிருந்து மறு தலைமுறைக்குச் செல்வது இத்தகைய பேச்சில்தான்.

தொல்காப்பியம் பழமொழியை 'முதுமொழி' என்னும். நுட்பம், சுருக்கம், தெளிவு, எளிமை ஆகியவற்றோடு, கருதிய பொருளை முடித்தற்குத் துணையாக வருதலையும் அதன் இலக்கணமாகக் கூறும். முதல் நான்கையும் மனப்பாடம் செய்யும் நாம் ஐந்தாவதை எளிதில் மறந்துவிடுகிறோம். கருதிய பொருள் ஒன்று முன்னே இருந்தாலன்றி முதுமொழிக்கு வேலையில்லை.

பீட்டர் பெர்சிவல் 1842இல் யாழ்ப்பாணத்தில் ஒரு பழமொழித் தொகுப்பை வெளியிட்டார். 1874இல் சென்னையில் வெளிவந்த அதன் விரிந்த பதிப்பு ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகளைக் கொண்டது. 1897இல் ஜென்சன் பொருள்வாரியாக வகைப்படுத்திய தொகுப்பொன்றைத் தந்தார். இவர்தம் உழைப்பு இல்லையெனில் பல பழமொழிகள் மறைந்திருக்கும். ஆயினும், யார், யாரிடம், எந்த வேளையில் சொன்னார் என்பது வீட்டில் கேட்டவருக்கே தெரியும்.

'கடல் வற்றினால் கருவாடு தின்னலாம் என்று உடல் வற்றிச் செத்ததாம் கொக்கு' என்பதற்கு, வீண் எதிர்பார்ப்பு என்று பொருள் எழுதி மதிப்பெண் பெறலாம். தடை நீங்கும் நாளை எண்ணியபடி, வலையைத் தொடாமல் படுத்திருக்கும் மகனிடம் தாய் இதைச் சொல்லும்போது அது ஏச்சு. கூடவே, எழுந்து வேலையைப் பார் என்னும் கட்டளை. கருவாடும் அங்கே வெறும் உவமை அன்று. கையிருப்புக் குறைந்த நாள்களில் குழம்புக்கு அதுவே துணை.

'மீன்குஞ்சுக்கு நீந்தக் கற்றுத்தர வேண்டுமா?' என்பது தந்தையின் தொழில்திறம் பிள்ளையிடம் இயல்பாக அமைவதைப் பாராட்டும் தொடர். மேல்நிலைத் தேர்வு முடிவுகள் வெளிவரும் மே மாதமும் தடைக்காலத்துள் அடங்கும். கல்லூரிக்கோ, எண்ணூர்ப் பகுதித் தொழிற்சாலை வேலைக்கோ செல்ல விரும்பும் பெயரனைப் பார்த்துப் பாட்டி இதைச் சொன்னால் அது பாராட்டா, ஏக்கமா? தன் மகன் கடலுக்கு வரவேண்டாம் எனக் கருதும் தந்தை அதைக் கேட்டு மறுமொழி கூறாமல் வலையைப் பின்னிக்கொண்டிருக்கலாம். பாட்டியும் தொடரைப் பாதியில் நிறுத்திவிடலாம்.

விடுமுறையில் பழமொழி திரட்டும் மாணவர், தொடருக்கு அருகில் சொன்னவர், கேட்டவர், சூழல் ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். பாதியில் நின்றதாயின் அதனையும் எழுதுக.