பள்ளிக்கூடத்தில் சினிமா

கேள்வி: பள்ளியிலேயே பிள்ளைகளுக்குச் சினிமாக் காட்டுகிறார்களே, படிப்புக் கெட்டுவிடாதா? — ஒரு தகப்பனார், கனகம்மாசத்திரம்.

பதில்: தங்கள் கவலை நியாயமானதே, ஆயினும், 2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறை அரசுப் பள்ளிகளில் 6 முதல் 9 வரையுள்ள வகுப்புகளுக்கு ஏற்படுத்திய சிறார் திரைப்பட விழா, கொட்டகைக் கேளிக்கையை வகுப்பறைக்குள் கொண்டுவரும் காரியமன்று. அதில் காட்டப்பெற்ற ‘சிவப்பு பலூன்’ என்னும் பிரெஞ்சுப் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆல்பெர் லாமொரிஸ் தம் மகனையே நடிக்கவைத்து 1956இல் வெளியிட்ட அந்தப் படம் ஓடுவது 34 நிமிஷந்தான். விளக்குக் கம்பத்தில் சிக்கிய பலூனை ஒரு சிறுவன் ஏறி விடுவிக்க, அது நூலைப் பிடிப்பாரின்றியே பாரிஸ் நகரத்துச் சந்துகளில் அவனைத் தொடர்ந்து, அவன் ஏறிய பஸ்ஸின் பின்னாலும் பறந்து, பள்ளிக்கூடம்வரை வந்துவிடுகிறது. பொறாமை கொண்ட பையன்கள் உண்டிவில்லால் அதை அடித்து வீழ்த்துமிடத்தில் கண் கலங்காத குழந்தை இராது. சம்பாஷணை அநேகமாக இல்லாத படமாதலால், வீட்டில் தெலுங்கும் பள்ளியில் தமிழும் பேசும் தங்கள் எல்லைப்புறத்துப் பிள்ளைகளும் யாதொரு தடையுமின்றி அதை அநுபவிக்கலாம்; இதை நான் பெரும் விசேஷமாகவே கருதுகிறேன்.

1955இல் நேருவின் விருப்பத்தால் தோன்றிய சிறுவர் திரைப்படச் சங்கத்தின் படங்களுக்குச் சாதாரணக் கொட்டகைகளில் இடம் கிடைத்தது அபூர்வம். அக்குறையைப் பள்ளிகளே தீர்க்க முடியும்.

ஒன்றுமட்டும் அவசியம்: படம் முடிந்ததும் மணியடித்துக் கணக்குப் பாடத்துக்கு விரட்டாமல், கண்டதைப் பேசவும் எழுதவும் உபாத்தியாயர்கள் அவகாசம் தரவேண்டும். தாங்களும் அன்று மாலை, வீட்டுப்பாடத்தைப் பற்றிக் கேட்குமுன், படத்தின் கதையைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.