பலனைக்கொண்டு திட்டங்களை அளந்தறிதல்

நொய்யலாற்றின் குறுக்கே, சென்னிமலைக்குச் சமீபத்திலுள்ள ஒரத்துப்பாளையத்தில், 1992-ம் வருஷத்தில் ஓர் அணை கட்டி முடிக்கப்பட்டது. சுமார் 16 கோடி ரூபாய் செலவாயிற்று. பதினாயிரம் ஏக்கருக்குக் குறையாத நிலம் அதனாற் பாசனம் பெறவேண்டுமென்பது ஏற்பாடு. கரை நின்றது, மதகுகள் அமைந்தன, நீரும் தேங்கிற்று. ஆயினும் தேங்கிய நீர் திருப்பூரின் சாயப்பட்டறைகளிலும் சலவைப்பட்டறைகளிலுமிருந்து வந்த கழிவு கலந்ததாயிருந்தமையால், அது சென்ற நிலங்களில் உப்பு ஏறிற்று. சுற்றுப்புறத்துக் கிணறுகளும் கெட்டன. எந்தக் குடியானவர்களின் பொருட்டு அணை எழுந்ததோ அவர்களே, அதில் தண்ணீரைத் தேக்கவேண்டாமென்று முறையிடும்படி நேர்ந்தது.

செலவுக் கணக்கையும் வேலைக் கணக்கையும் மட்டும் பார்ப்போர்க்கு இஃது நிறைவேறிய திட்டமேயாம். பலன் கணக்கைப் பார்ப்போர்க்கோ இது நட்டம். ஒரே அணைக்கு இவ்விரண்டு தீர்ப்புகளும் எவ்வாறு பொருந்துமென்பதை விளக்குவதே இவ்வியாசத்தின் நோக்கம்.

முதலும் வேலையும் பலனும்

சோளம் விதைக்கும் குடியானவருக்கு இதில் புதுமை யாதுமில்லை. விதையும் எருவும் கூலியும் அவர் போடும் முதல். உழுதலும் விதைத்தலும் களையெடுத்தலும் வேலை. காட்டில் பயிர் ஓங்கி நிற்பது அவ்வேலையால் நிறைவேறிய காரியம். தானியம் களத்துக்கு வந்து, மாட்டுக்குத் தட்டும் சேர்வது பலன். அவ்வாறு நாலைந்து வருஷம் சேர்ந்து, கடன் தீர்ந்து, காடு கைமாறாமல் மக்களுக்கு நிற்பது நிலைத்த பலன். பயிர் ஓங்கி நின்றதைக் காட்டி, விளைச்சல் வந்துவிட்டதென்று எந்தக் குடியானவரும் சொல்லமாட்டார். கதிரில் பால் பிடிக்கும் சமயத்தில் மழை பொய்த்தால் தட்டு மட்டுமே மிஞ்சுமென்பதை அவர் அறிவார். ஆனால் சர்க்கார்த் திட்டங்களைப் பற்றிய அறிக்கைகள் அநேகமாய்ப் பயிர் நின்றதோடு முடிந்துவிடுகின்றன. இத்தனை மைல் வாய்க்கால் வெட்டப்பட்டது, இத்தனை குட்டை தூர்வாரப்பட்டது, இத்தனை பேருக்குப் பயிற்சி கொடுக்கப்பட்டது என்பன யாவும் நிறைவேறிய காரியங்களேயன்றிப் பலன்கள் அல்ல.

இத்தகைய படிகளை ஒரே அட்டவணையில் எழுதி, ஒவ்வொரு படிக்கும் ஓர் அளவையும் அதை மெய்ப்பிக்கும் ஆதாரத்தையும் குறிக்கும் முறை 1969-ம் வருஷத்தை ஒட்டி அமெரிக்க ஐக்கிய நாட்டின் வெளிநாட்டு உதவி நிலையத்துக்காக வகுக்கப்பட்டது. அதிலிருந்து வளர்ந்த பலன்வழி நிர்வாகத்தை ஐக்கிய நாடுகளின் ஸ்தாபனங்கள் 1990-க்குப் பிந்திய வருஷங்களில் கைக்கொண்டன. இந்திய சர்க்கார் 2005-ம் வருஷத்தில், செலவோடு பலனையும் காட்டும் வரவுசெலவுத் திட்டத்தைப் பார்லிமெண்டில் முதன்முறையாகச் சமர்ப்பித்தனர். பெயர்கள் பலவாயினும் உள்ளிருக்கும் சரக்கு களத்துக் கணக்கேயாம்.

தவறான அளவுகோலால் வரும் கேடு

அளப்பது மட்டும் போதாது. எதை அளப்பது என்பதே முக்கியம். நொய்யலின் கழிவைத் தடுக்க 1990-க்குப் பிந்திய வருஷங்களில் திருப்பூரில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டப்பட்டன. அவை நீரின் நிறத்தையும் அழுக்கையும் ஓரளவு குறைத்தன. ஆனால் சாயம் நூலில் பிடிப்பதற்காகப் பெருவாரியாகச் சேர்க்கப்படும் உப்பு நீரிற் கரைந்து நிற்பது. தெளியவைப்பதாலும் வடிகட்டுவதாலும் அது நீங்குவதில்லை. ஆகவே, பார்வைக்குத் தெளிந்த நீர் பயிருக்கு முன்போலவே விஷமாயிருந்தது. கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேற்படலாகாதென்பது கழிவுநீருக்கு விதிக்கப்பட்ட வரம்பு. நிலையங்களின் எண்ணிக்கையை விட்டு, கீழ்ப்புறத்துக் கிணற்று நீரில் உப்பு எவ்வளவென்பதை மாதாமாதம் எழுதி வந்திருந்தால், குறை வெகு சீக்கிரத்தில் வெளிப்பட்டிருக்கும்.

முடிவில் அதை வெளிக்கொணர்ந்தவர்கள் பாசனக்காரர்களே. நொய்யல் ஆயக்கட்டுதாரர் சங்கத்தார் தொடுத்த வழக்கில், கழிவுநீர் ஒரு சொட்டும் ஆற்றில் விழலாகாதென்ற ஏற்பாட்டைச் சென்னை உயர் நியாயஸ்தலம் 2006-ம் வருஷம் டிசம்பரில் கட்டளையிட்டது. 2009-ம் வருஷத்தில் உச்ச நியாயஸ்தலமும் அதை உறுதிசெய்தது. அப்பாலும் குறை தீராமையால், 2011-ம் வருஷம் ஜனவரியில் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடும்படி உத்தரவாயிற்று. உப்பை நீக்கி நீரைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் யந்திரங்களை அமைத்த பின்னரே அவை படிப்படியாகத் திறந்தன. பனியன் தொழிலாளர் அநேகர் அவ்வருஷத்தில் வேலையின்றித் திகைத்ததை இப்பகுதியார் மறந்திரார். அளவுகோல் தவறினால் நஷ்டம் குடியானவரோடு நிற்பதில்லை.

அத்திக்கடவு–அவிநாசித் திட்டம்

இப்பொழுது இவ்வட்டாரத்தார் அளந்து பார்க்கவேண்டிய பெரிய திட்டம் இதுவே. 1,916 கோடி ரூபாய்ச் செலவில் முடிந்து, 2024-ம் வருஷம் ஆகஸ்டு 17-ந் தேதி தொடங்கிவைக்கப்பட்டது. பவானியாற்றில் காலிங்கராயன் அணைக்கட்டின் கீழ்ப்புறத்து உபரிநீரை எடுத்து, ஆறு நீரேற்று நிலையங்களின் வழியாகவும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட குழாய்களின் வழியாகவும், ஈரோடு, திருப்பூர், கோயம்புத்தூர் ஜில்லாக்களிலுள்ள 1,045 ஏரி குளம் குட்டைகளை நிரப்புவது ஏற்பாடு. வருஷத்துக்கு ஒன்றரை டி.எம்.சி. நீர், பயன்பெறும் நிலம் 24,468 ஏக்கர்.

இவ்வெண்களைச் சற்று வகுத்துப் பார்ப்பது நல்லது. ஒன்றரை டி.எம்.சி. என்பது 150 கோடி கன அடி. ஓர் ஏக்கரில் ஓரடி உயரம் நிற்கும் நீர் 43,560 கன அடி. ஆகவே அவ்வளவு நீரையும் 24,468 ஏக்கரிலும் சமமாய்ப் பரப்பினால் சுமார் 17 அங்குலம் நிற்கும். ஒரு போகம் நெல்லுக்கு ஏறக்குறைய நாலடி நீர் வேண்டுமாதலின், இது நெல்லுக்குரிய நீர் அல்ல. மேலும் அந்தப் பதினேழு அங்குலமும் வயலுக்கு வருவதில்லை. குளத்தில் ஒரு பகுதி ஆவியாகும், ஒரு பகுதி தரையில் ஊறும். ஊறியதே கிணற்றுக்கு வரும். இத்திட்டத்தின் பலனை மதகில் தேடாமற் கிணற்றில் தேடவேண்டுமென்பது இதனால் விளங்கும். குளம் நிரம்பியதைப் படம் பிடித்து அனுப்புவது நிறைவேறிய காரியத்துக்குச் சாட்சியாகுமேயன்றி வேறல்ல.

கிணற்றை அளக்கும் விதம்

குளத்திலிருந்து அரை மைலுக்குட்பட்ட கிணறுகளில் மூன்று நான்கைத் தெரிந்துகொள்ளவேண்டும். எந்தக் குளத்தின் ஊற்றும் எட்டாத தூரத்தில், அதே விதமான மண்ணிலுள்ள வேறு இரண்டு மூன்று கிணறுகளையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். பின்னவை அவசியமில்லையென்று பலர் எண்ணுவதுண்டு. உண்மையில் அவையே இக்கணக்கின் உயிர்நிலை. ஓர் உதாரணத்தால் இது தெளிவாகும். குளத்தருகேயுள்ள கிணற்றில் தரைமட்டத்திலிருந்து நீர்மட்டம் ஆடியில் 70 அடியிலும் மார்கழியில் 52 அடியிலும் இருந்ததாக வைத்துக்கொள்வோம். ஏற்றம் 18 அடி. தூரத்துக் கிணற்றில் அதே காலத்தில் 74 அடியிலிருந்து 63 அடிக்கு வந்ததாயின் ஏற்றம் 11 அடி. இப்பதினோரடி ஐப்பசி கார்த்திகை மழையினால் வந்தது. குளத்தின் பங்கு ஏழடியே. தூரத்துக் கிணற்றை அளவாதவர் பதினெட்டடியையும் திட்டத்தின் கணக்கில் எழுதிவிடுவார். மறுவருஷம் மழை குறைந்து, குளம் நிரம்பியும் மட்டம் இறங்கினால், திட்டமே வீணென்று அவரே சொல்லுவார். இரண்டும் பிழை.

முடிச்சிட்ட கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கினாற் போதும். ஆனால் மோட்டாரை நிறுத்தி, இரவு முழுதும் ஊறவிட்டு, காலையில் அளக்கவேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் கிணற்றின் மட்டம் எதற்கும் சாட்சியல்ல. அளவுக்கல் வைக்கும் இடத்தைக் கிணற்றுத் திட்டில் வர்ணத்தாற் குறித்து, ஒவ்வொரு மாதமும் அவ்விடத்திலிருந்தே இறக்கவேண்டும்.

மட்டத்தோடு, வாரத்தில் மோட்டார் ஓடிய மணிக்கணக்கையும் எழுதிவருதல் நலம். நீர் பெருகியதைக் கண்டு அண்டைக் காட்டில் புதிதாக ஆழ்துளைக் கிணறு இறக்கித் தென்னை வைத்தால், மட்டம் ஏறாமலே போகும். அங்கே பலன் உண்டாயிற்று. அது மட்டத்தில் நில்லாமல் தென்னைக்குப் போயிற்று. மட்டத்தை மட்டும் பார்ப்பவருக்கு அது தெரியாது. ஆயினும் அப்பலன் நிலைக்குமா என்பது வேறு கேள்வி. மணிக்கணக்கு வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டே போனால் நிலைக்காதென்று கொள்ளலாம்.

பயிர்ப் பரப்புக்கு ஆதாரம் கிராம அடங்கலே. திட்டம் தொடங்கிய ஆகஸ்டு மாதம் பசலி 1434-ல் விழுவதால், அதற்கு முந்திய மூன்று பசலிகளின் அடங்கலைப் பார்த்து, இறவையில் என்ன பயிர், எத்தனை ஏக்கர் என்பதை ஆரம்ப நிலையாக எழுதிக்கொள்ளவேண்டும். ஆரம்ப நிலை தெரியாதவனுக்கு எவ்வளவு வந்தாலும் கணக்கில்லை. போன வருஷத்துப் பயிரையே இவ்வருஷமும் எழுதிய அடங்கல் உதவாது. காட்டுக்குப் போய்ப் பார்த்து எழுதியதே உதவும். கிராம நிர்வாக அலுவலர்கள் இதைச் சொல்லக் கேளாமலே அறிவார்கள்.

வேலம்பாளையம் போன்ற இடங்கள்

வேலம்பாளையம் முனிசிபாலிடியாயிருந்து 2011-ம் வருஷத்தில் திருப்பூர் மாநகராட்சியோடு சேர்ந்தது. பனியன் கம்பெனிகளும் வீட்டுமனைகளும் பெருகிய இத்தகைய ஊர்களில், பயிர்ப் பரப்பு குறைந்தால் அதைத் திட்டத்தின் தோல்வியென்று கொள்ளலாகாது. நிலம் மனையாக மாறியதையும், மோட்டார் மராமத்தாகி நின்றதையும், கூலியாள் தையலுக்குப் போனதையும் தனித்தனியே பிரித்து எழுதவேண்டும். இங்கே மிஞ்சிய காடுகளுக்கு மட்டத்தைவிட உப்பே முதன்மையான அளவை. மின்கடத்துத் திறன் 0.7 டெசிசீமன்ஸுக்குட்பட்ட நீர் எப்பயிருக்கும் ஆகும். 3-க்கு மேற்பட்டால் மிகுந்த எச்சரிக்கையின்றிப் பாய்ச்சலாகாது. இடைப்பட்டதற்குப் பயிரையும் மண்ணையும் பார்த்து முடிவு செய்யவேண்டும்.

பரிசோதனைக்கு நீர் எடுப்போர் மோட்டாரைக் கால்மணி நேரமாவது ஓடவிட்டு, அந்நீரினாலேயே சீசாவை இரண்டு மூன்று முறை அலம்பி, வாய்வரை நிரப்பி இறுக மூடி, கிணற்றுக்காரர் பெயர், சர்வே நம்பர், கிணற்றின் ஆழம், தேதி ஆகியவற்றைச் சீட்டிலெழுதி ஒட்டி, தாமதமின்றி மண் பரிசோதனை நிலையத்துக்குச் சேர்ப்பிக்கவேண்டும். வருஷத்துக்கு இருமுறை, சித்திரைக் கோடையிலும் தை மாதத்திலும், அதே கிணற்றிலிருந்து எடுத்தாற்றான் ஒப்பிட இயலும்.

இக்கணக்கைத் திட்டத்தை நடத்துவோரே எழுதுவதைக்காட்டிலும் பாசனக்காரரும் சேர்ந்து எழுதுவது மேலானது. குளத்துக்கு ஒரு நோட்டுப்புத்தகம் வைத்து, இடப்பக்கம் குளத்தில் நீர் விட்ட தேதியும் நிறுத்திய தேதியும் மழையளவும், வலப்பக்கம் கிணறுகளின் மட்டமும் உப்பும் எழுதி, அளக்கும்போது உடனிருந்த இருவர் கையெழுத்திடவேண்டும். கிராம சபை கூடும் நாட்களில் அதை வாசித்துத் தீர்மானப் புத்தகத்தில் பதியலாம். நீர் வராத குட்டைகளுக்கும் புத்தகம் வைக்கவேண்டும். இவ்வருஷம் புதிதாகத் தொடங்குவோர், குழாயில் நீர் திறக்கப்படுமுன்னரே முதல் அளவை எடுத்துக்கொள்வாராக. திறந்த பின் எடுத்தது ஆரம்ப நிலையாகாது.