காக்ஸ் டவுனில் வீட்டுக்குள் பெயிண்ட் அடிக்க: செலவைக் கணக்கிடும் முறை

வீட்டின் உட்புறத்துக்கு பெயிண்ட் அடிக்க ஆகும் செலவைத் தீர்மானிப்பவை மூன்று: சுவரின் பரப்பு, சுவரின் நிலை, பெயிண்டின் தரம். பேரம் பேசும்போது பெரும்பாலும் மூன்றாவதுதான் முதலில் வருகிறது. செலவு ஏறுவதும் இறங்குவதும் முதல் இரண்டில்தான் என்பதால், மேஸ்திரியைக் கூப்பிடுவதற்கு முன்பே அவற்றைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

பெங்களூரின் காக்ஸ் டவுனில் இதற்குக் கூடுதல் காரணம் உண்டு. 1947 வரை பிரிட்டிஷாரின் சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷனைச் சேர்ந்திருந்த பகுதி இது. ஓட்டுக்கூரையும் ஜன்னல்களுக்கு மேல் மங்கி டாப் எனப்படும் மர மறைப்பும் வைத்து, சுண்ணாம்புச் சாந்து பூசிய உயரமான பழைய வீடுகள் இன்னும் சில நிற்கின்றன. அவற்றுக்குப் பக்கத்திலேயே சிமெண்ட் பூச்சு கொண்ட அடுக்குமாடிகள். இரண்டுக்கும் ஒரே ரேட் பேசினால் கணக்கு சரியாக வராது.

முதல் படி: சுவரை அளப்பது

பெயிண்ட் வேலைக்குக் கணக்கு சுவரின் சதுர அடி. வீடு வாங்கிய பத்திரத்தில் உள்ள சூப்பர் பில்ட் அப் பரப்பில் மாடிப்படியும் லிஃப்டும் சேர்ந்திருக்கும். அதை வைத்துப் பேசக்கூடாது. கார்பெட் ஏரியாவை மூன்றரையால் பெருக்கும் வழக்கம் தொழிலில் உண்டு. அது குத்துமதிப்புதான்.

12 அடிக்கு 11 அடி அறை ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். உயரம் 10 அடி என்றால் நான்கு சுவரும் சேர்ந்து 460 சதுர அடி, சீலிங் 132, மொத்தம் 592. இது தரைப்பரப்பைப் போல ஏறத்தாழ நாலரை மடங்கு. அதே அறை பழைய பங்களாவில் 14 அடி உயரத்தில் இருந்தால் சுவர் 644, மொத்தம் 776. கிட்டத்தட்ட ஆறு மடங்கு. தரையளவு மாறாமலே 184 சதுர அடி கூடிவிடுகிறது. ஒரு சதுர அடிக்கு ₹20 என்று வைத்துக்கொண்டால் ஒரே அறையில் ₹3,680 அதிகம். அந்த உயரத்துக்கு ஏணி போதாமல் சாரம் கட்ட நேர்ந்தால் அதற்கான கூலி தனி.

கதவு, ஜன்னல் இடத்தைக் கழிப்பதில்தான் தகராறு வரும். இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 1200 இதற்கு வழி சொல்கிறது. 0.5 சதுர மீட்டர் வரையுள்ள திறப்புகளுக்குக் கழிவு கிடையாது. அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை, சுவரின் ஒரு பக்கத்தில் மட்டும் கழிக்க வேண்டும். ஓரங்களைத் தனியாகச் சேர்க்கக் கூடாது. கதவுக்கும் அதில் கணக்கு உண்டு: பேனல் கதவு என்றால் ஒரு பக்கத்துப் பரப்பை 1.30 ஆலும், ஃப்ளஷ் கதவு என்றால் 1.20 ஆலும் பெருக்குவார்கள். வீட்டு வேலையில் பலர் இதைப் பின்பற்றுவதில்லை. எந்த முறையானாலும் வேலை தொடங்கும் முன்பே பேசி முடித்துவிட வேண்டும்.

இரண்டாம் படி: சுவரின் நிலையைப் பார்ப்பது

மூன்று எளிய சோதனைகள் போதும். உள்ளங்கையால் சுவரை அழுத்தித் தேய்த்தால் வெள்ளைப் பொடி ஒட்டுகிறதா? அப்படியானால் பழைய சுண்ணாம்போ டிஸ்டெம்பரோ பிடிப்பு விட்டிருக்கிறது. சுரண்டிக் கழுவாமல் மேலே எதை அடித்தாலும் உரியும். அடுத்து, ஒட்டும் டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுக்க வேண்டும். பெயிண்ட் கூடவே வந்தால் சுரண்டும் கூலியை எஸ்டிமேட்டில் சேர்த்தாக வேண்டும். மூன்றாவதாக, ஓரடிச் சதுர பிளாஸ்டிக் தாளின் நான்கு ஓரத்தையும் டேப்பால் சுவரில் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பார்க்கலாம். தாளின் உட்புறம் வேர்த்திருந்தால் சுவரில் ஓதம் இருக்கிறது.

ஓதம் இருந்தால் பெயிண்டர் வேலைக்கு முன் பிளம்பருக்கோ கொத்தனாருக்கோ வேலை இருக்கிறது. குளியலறைச் சுவரின் மறுபக்கம், மொட்டை மாடிக்குக் கீழுள்ள மூலை, தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம் ஆகிய இடங்களில் உப்பு பூத்துக் கிடக்கும். கசிவை நிறுத்தாமல் பட்டி போட்டால் அடுத்த மழைக்கே கொப்புளம் எழும்பும். அந்தச் சுவருக்குச் செலவிட்டது முழுவதும் வீண்.

பழைய சுண்ணாம்புச் சுவருக்கு இன்னொரு எச்சரிக்கை. ஈரத்தை வாங்கி வெளியே விடுவது அதன் இயல்பு. அதன்மேல் கெட்டியான சிமெண்ட் பட்டியும் அக்ரிலிக் பெயிண்டும் ஏற்றினால் ஈரம் உள்ளேயே சிக்கி, பூச்சோடு பாளம் பாளமாகப் பெயர்ந்து வரும். அங்கே சுண்ணாம்பு அடிப்பதே சுவருக்கும் நல்லது, செலவும் குறைவு.

மூன்றாம் படி: பெயிண்டைத் தேர்ந்தெடுப்பது

உட்புற வேலையில் மலிவானது டிஸ்டெம்பர். அதற்கு மேல் சாதாரண எமல்ஷன், கறையைத் துடைக்கக்கூடிய எமல்ஷன், பட்டுப்போன்ற மினுக்கு தரும் உயர்ரகம் என்று படிப்படியாக விலை ஏறும். எல்லா அறைக்கும் ஒரே ரகம் வேண்டியதில்லை. கைபடாத சீலிங்குக்குச் சாதாரண வெள்ளை எமல்ஷன் போதும். குழந்தைகள் புழங்கும் ஹாலுக்கும் நடைபாதைக்கும் துடைக்கக்கூடிய ரகம் போட்டால் பணத்துக்கு அர்த்தம் இருக்கும். கதவுக்கும் கிரில்லுக்கும் எனாமல்.

பட்டி பார்த்த வழவழப்பான சுவரில் ஒரு லிட்டர் எமல்ஷன் இரண்டு கைக்கு ஏறத்தாழ 120 முதல் 140 சதுர அடி வரை வரும். மேலே சொன்ன 10 அடி உயர அறையில் கதவுக்கு 21, ஜன்னலுக்கு 16 கழித்தால் சுவர் 423 சதுர அடி. லிட்டருக்கு 130 என்று வைத்தால் மூன்றேகால் லிட்டர். அதே சுவருக்கு எட்டு லிட்டர் கேட்டால் காரணம் கேட்கலாம்.

சில கம்பெனி டப்பாக்களுக்குள் பெயிண்டருக்கென்று டோக்கனோ பாயிண்ட் தரும் கோடோ இருக்கும். ஒரு குறிப்பிட்ட பிராண்டை பெயிண்டர் வற்புறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம். அது அவருக்கு நியாயமாகக் கிடைக்கும் வருமானம்தான். ஆனாலும் எந்த ரகம் என்பதை வீட்டுக்காரர் முடிவு செய்ய வேண்டும்.

பழைய வீட்டில் ஈயத்தையும் நினைவில் கொள்ள வேண்டும். வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம். அளவைத் தாண்டக்கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பல அடுக்காக எனாமல் ஏறிய கதவை உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் ஈயத்தூள் பறக்கக்கூடும். தண்ணீர் தொட்டுத்தான் தேய்க்க வேண்டும். கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் அன்று வேறு இடத்தில் இருப்பது நல்லது.

நான்காம் படி: வேலை முறையைத் தீர்மானிப்பது

நாள் கூலி முறை டச்சப்புக்கும் ஓரிரு அறைகளுக்கும் ஏற்றது. கூடவே நின்று பார்க்க ஆள் வேண்டும். லேபர் காண்ட்ராக்டில் கூலி சதுர அடிக்கு. பொருளை வீட்டுக்காரர் வாங்கித் தருவார். தரம் கையில் இருக்கும், அலைச்சலும் இருக்கும். பொருளோடு காண்ட்ராக்ட் விட்டால் அலைச்சல் மிச்சம்; பெயிண்டில் அளவுக்கு மேல் தண்ணீர் கலக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏஷியன் பெயிண்ட்ஸ், பெர்ஜர் போன்ற கம்பெனிகளே ஆள் அனுப்பும் சேவையும் பெங்களூரில் உண்டு. இயந்திரத்தால் தேய்ப்பதால் தூசி குறையும், எழுத்தில் எஸ்டிமேட் கிடைக்கும், ரேட் பொதுவாக அதிகம்.

பெங்களூரில் அண்மைக் காலத்தில் பொருளோடு ஒரு சதுர அடிக்குக் கேட்கப்படும் ரேட்டை இப்படி உத்தேசமாக வைத்துக்கொள்ளலாம்: நல்ல நிலையிலுள்ள சுவரில் சாதாரண எமல்ஷன் மறுபடி அடிக்க ₹12 முதல் ₹18, துடைக்கக்கூடிய ரகத்துக்கு ₹18 முதல் ₹30, முழுச்சுவரும் சுரண்டிப் பட்டி பார்ப்பதென்றால் ₹25 முதல் ₹40.

ஐந்தாம் படி: எஸ்டிமேட்டைப் படிப்பது

குறைந்தது மூன்று பேரிடம் எழுத்தில் வாங்க வேண்டும். மொத்தத் தொகை மட்டும் எழுதிய தாளை ஏற்கக்கூடாது. அளந்த பரப்பு, சுரண்டல், பட்டி எத்தனை கை, பிரைமர் எத்தனை கை, பெயிண்டின் முழுப்பெயர், அது எத்தனை கை, கதவு ஜன்னல், தரைக்குத் தாள் விரிப்பது, சாமான் நகர்த்துவது, கடைசியில் கழுவித் தருவது எல்லாம் தனித்தனி வரியாக இருக்க வேண்டும். மிகக் குறைந்த எஸ்டிமேட்டில் பெரும்பாலும் காணாமல் போவது பட்டியும் பிரைமரும்.

பெயிண்டுக்கு 2018 ஜூலையில் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. கடை விலையில் அது அடங்கியிருக்கும். காண்ட்ராக்டர் தன் பில்லில் 18 சதவீதம் கேட்டால் அவருடைய ஜி.எஸ்.டி. எண் பில்லில் இருக்க வேண்டும். பதிவு செய்யாதவர் வரி வசூலிக்க முடியாது.

ஆறாம் படி: காலம் பார்ப்பது

பெங்களூரில் மே மாத இடிமழையில் தொடங்கி அக்டோபர் தாண்டியும் காற்றில் ஈரம் இருக்கும். பட்டியும் பிரைமரும் காய நாளாகும். தசரா, தீபாவளி, கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் ஆள் கிடைப்பது கஷ்டம், ரேட்டும் ஏறும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை சுவரும் காய்ந்திருக்கும், பேரமும் படியும். புதுப் பூச்சு என்றால் குறைந்தது 28 நாள் ஆறவிட வேண்டும்.

ஏழாம் படி: பணம் தருவதும் சரிபார்ப்பதும்

அட்வான்ஸ் கால் பங்குக்கு மேல் வேண்டாம். பட்டியும் பிரைமரும் முடிந்ததும் ஒரு பங்கு, முதல் கை முடிந்ததும் ஒரு பங்கு, பத்து சதவீதம் கடைசிவரை கையிருப்பு. டப்பாக்களை வீட்டிலேயே திறக்கச் சொல்லி, தண்ணீர் அளவை லேபிளோடு ஒப்பிட வேண்டும். காலி டப்பாக்களை வேலை முடியும்வரை எடுத்துச்செல்ல விடக்கூடாது. எத்தனை லிட்டர் போனது என்பதற்கு அவையே சாட்சி. பட்டி காய்ந்த அன்று மாலை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தால் மேடும் பள்ளமும் நிழலாகத் தெரியும். திருத்த வேண்டிய நேரம் அதுதான்.

வாடகை வீட்டுக்கு ஒரு குறிப்பு

காலி செய்யும்போது பெயிண்டுக்கென்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடித்துக்கொள்வது பெங்களூர் வழக்கம். மத்திய அரசின் 2021 மாதிரி வாடகைச் சட்டம், சுவருக்கு வெள்ளையடிப்பதையும் கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதையும் வீட்டுச் சொந்தக்காரரின் பொறுப்பில் வைக்கிறது. மாநிலம் தன் சட்டமாக்கினால்தான் அது கட்டுப்படுத்தும். அதனால் குடிவரும் நாளிலேயே ஒப்பந்தத்தின் பெயிண்ட் வரியைப் படித்து, சுவர்களைப் படமெடுத்து வைத்துக்கொள்வது இருவருக்கும் பாதுகாப்பு.

செலவைக் குறைக்க நினைப்பவர்கள் பெயிண்டின் ரகத்தில் ஒரு படி இறங்கலாம், ஆனால் சுரண்டலிலும் பட்டியிலும் பிரைமரிலும் கை வைக்கக் கூடாது. நன்றாகத் தயார் செய்த சுவரில் சாதாரண எமல்ஷனும் பல ஆண்டு நிற்கும். தயார் செய்யாத சுவரில் எவ்வளவு விலை உயர்ந்த பெயிண்டும் நிற்காது.